நான்கு நிமிடத்தில் வந்த போன்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் கூப்பிட்டதில்லை. ‘பூட்டக்கா’ என்றால்தான் வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்துகிறவருக்குக்கூடத் தெரியும்.

நான்கு மாடிக் கட்டடம். அறுபத்து மூன்று பேருக்கு அங்கே வேலை. ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் வந்து கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசி குத்திக்கொண்டு போவார்கள். அவர்களுடைய சர்க்கரை, உப்பு, கொழுப்பு, வெளியே சொல்லக்கூடியது, சொல்லக்கூடாதது எல்லாம் எண்களாகி, இரண்டாவது மாடியில் லிஃப்டை ஒட்டிய குளிரூட்டப்பட்ட சிறிய அறைக்கு வந்து சேரும். அந்த எண்களுக்குக் காவல் பூட்டக்கா. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான், தகவல் பாதுகாப்பும் அவள்தான், பிரிண்டரில் காகிதம் சிக்கினால் ஓடி வருவதும் அவள்தான்.

எழுந்து போகும்போது கம்ப்யூட்டரைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போனவர்களின் மேசைக்கு அவள் வருவாள். திரையைப் பூட்டுவாள். ஒரு சின்ன மஞ்சள் காகிதத்தில் பூட்டுப் படம் வரைந்து அதில் ஒட்டிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடுவாள். பெயர் வந்தது அப்படித்தான். பென் டிரைவ் செருகும் துளைகளுக்கெல்லாம் மூடி போட்டு அடைத்த நாளில் மேலாளரால் தன் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற முடியாமல் போனது. அவர் நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார்.

டீ கொண்டு வருகிறவர் ஒருநாள் வெகுநாள் சந்தேகத்தைக் கேட்டே விட்டார். “ஃபயர்வால், ஃபயர்வால்னு சொல்றீங்களே, அது எந்தச் சுவரு? அதுல காலண்டர் மாட்டலாமா?”

அவள் அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய், விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்த தட்டையான கறுப்புப் பெட்டியைக் காட்டினாள்.

“இதுவா? டிபன் பாக்ஸ் மாதிரி இருக்கு.”

“இது இல்லேன்னா நம்ம டிபனை ஊரே திறந்து பார்க்கும்” என்றாள் அவள்.

வீட்டில் நிலைமை வேறு. கணவர் பஸ் ஓட்டுகிறவர். விடிகாலை வண்டியை எடுத்து, பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பி, இரவுச் சமையலையும் முடித்து வைத்துவிடுவார். அவருக்கு எந்தக் கடவுச்சொல்லும் நினைவில் நிற்காது. வீட்டு வைஃபையின் கடவுச்சொல்லை ஃபிரிஜ் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு, “திருடன் முதல்ல வீட்டுக்குள்ள வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்பார். மாமனார் இன்னொரு ரகம். ‘உங்கள் கார்டு முடங்கிவிட்டது’ என்று மோசடிக்காரன் எவனாவது போன் செய்தால் அவருக்குக் கொண்டாட்டம். சாப்பிட்டாயா, கல்யாணம் ஆச்சா, அம்மா உடம்பு எப்படி என்று ஆரம்பித்துவிடுவார். ஒருமுறை ஐம்பது நிமிடம் தாக்குப்பிடித்த ஒருவன், கடைசியில் தானே இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஓடினான்.

“மாமா, அந்த மாதிரி ஆளுங்ககிட்ட பேசவே கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?”

“நான் அவனைப் பிடிச்சு வச்சிருக்கிற நேரத்துல அவன் வேற யாரையும் ஏமாத்த முடியாது இல்லம்மா?”



அவள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவளல்ல. பதின்மூன்று வருடங்களுக்கு முன் அதே கூடத்தில் முடிவுகளைத் தட்டச்சு செய்கிறவளாகச் சேர்ந்தாள். வேகமான விரல்கள், தப்பு அபூர்வம். சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தபோது ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘உங்கள் சம்பள விவரம்’ என்று தலைப்பு. சம்பளம் என்றதும் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? திறந்தாள். திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. பிறகு ஒன்றும் நடக்கவில்லை.

ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமாவது சொன்னால் வேலை போய்விடும். அப்போது கல்யாணமாகி மூன்று மாதம்தான். வேலையைத் தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் போய் நிற்க அவளுக்கு வாய் வராது. இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலை, எட்டு நாள் முடிவுகள் கம்ப்யூட்டர்களில் குப்பையாகிக் கிடந்தன. அப்போது அங்கே நகல் எடுத்து வைக்கும் வழக்கம் பேருக்குத்தான் இருந்தது.

எட்டு நாள் ரத்தம் கொடுத்தவர்களைப் போனில் கூப்பிட்டு மறுபடி வரச் சொன்னார்கள். நரம்பே கிடைக்காத ஒரு பெரியவருக்கு நான்கு இடத்தில் குத்தினார்கள். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே வாசலில் நின்று வீறிட்டது. தட்டச்சு மேசையில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பழி வெளியிலிருந்து வந்து கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த பழுதுபார்ப்பவர் மேல் விழுந்தது. அவருடைய ஒப்பந்தத்தை அன்றைக்கே முறித்தார்கள். அவர் தன் திருப்புளிகளைப் பையில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே அவள் பெரிய டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். கூடத்தை நடத்தி வந்த அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “அன்னைக்கே சொல்லியிருந்தா எத்தனை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

“எனக்குத் தெரியலை, டாக்டர்.”

“அப்ப தெரிஞ்சுக்கோ.”

மறுநாள் அவள் பழுதுபார்ப்பவரின் வீட்டைத் தேடிப் போனாள். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். டாக்டர் திரும்பக் கூப்பிடத் தயாராக இருப்பதையும் சொன்னாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பி வரவில்லை, பிறகு எங்கேயாவது எதிர்ப்பட்டால்கூட அவளிடம் பேசியதில்லை. அவர் பேசவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

தெரிஞ்சுக்கோ என்று டாக்டர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். மாலை வகுப்பு, வார இறுதித் தேர்வு, பஸ்ஸில் நின்றபடி படிப்பு. ஐந்து வருடத்தில் அந்தக் குளிர் அறையின் சாவி அவள் கைக்கு வந்தது. வந்ததும் அவள் போட்ட முதல் விதியை எல்லா மேசையிலும் ஒட்டினாள். ‘தப்பாக எதையாவது அழுத்திவிட்டீர்களா? உடனே எனக்குப் போன் செய்யுங்கள். திட்டமாட்டேன்.’ கீழே அவளுடைய செல்போன் எண்.

ஜனங்கள் நம்பவில்லை. “திட்டமாட்டேன்னு எழுதி ஒட்டுறவங்கதான் முதல்ல திட்டுவாங்க” என்றார் ஒரு லேப் டெக்னீஷியன்.

மேலாளரோடுதான் அவளுக்குத் தீராத வழக்கு. யார் எதைச் சொல்லப் போனாலும் “சுருக்கமா சொல்லுங்க” என்பார். அதனால் அவருக்குப் பெயரே ‘சுருக்கம் சார்’. ரத்தத்தைச் சோதிக்கும் இயந்திரங்களைக் கவுண்டர் கம்ப்யூட்டர்களிலிருந்து தனி நெட்வொர்க்காகப் பிரிக்க வேண்டும் என்று அவள் போய் நின்றாள்.

“சுருக்கமா சொல்லுங்க. எதுக்குப் பிரிக்கணும்?”

“சமையலறையில தீப்பிடிச்சா படுக்கையறைக்குப் பரவக்கூடாது சார். நடுவுல ஒரு கதவு வேணும்.”

“கதவு என்ன விலை?”

விலையைச் சொன்னாள். அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அந்தக் கதவை வாங்க அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அப்படித்தான் ஒவ்வொன்றும். ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லாத் தகவலையும் ஒரு ஹார்ட் டிஸ்க் வட்டில் நகலெடுத்து, கடவுச்சொல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி குறியாக்கம் செய்து, எந்த வயரிலும் மாட்டாமல், நாலு தெரு தள்ளியிருந்த கிளை மையத்தின் இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவிகள் இரண்டு, ஒன்று அவளிடம், இன்னொன்று டாக்டரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் அலமாரி திறக்கும். கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை செய்யவேண்டி வந்தால் இருக்கட்டும் என்று கார்பன் தாள் வைத்த முடிவுச் சீட்டுகள் ஆயிரம் அச்சடித்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் எல்லாரையும் கையால் எழுத வைத்தாள். “மறுபடி ஒண்ணாங்கிளாஸ் சேர்த்துட்டாங்கய்யா” என்று முனகாத ஆள் இல்லை.

பொய் மின்னஞ்சல் ஒத்திகையும் அவள் வேலைதான். ‘உங்கள் விடுப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம் அறிய இங்கே அழுத்தவும்’ என்று அவளே ஒன்று அனுப்பினாள். அறுபத்து மூன்று பேரில் நாற்பத்தொருவர் அழுத்தினார்கள். முதலில் அழுத்தியவர் சுருக்கம் சார். மின்னஞ்சல் போன பதினோராவது நொடியில். யார் யார் அழுத்தினார்கள் என்று அவள் ஒரு வார்த்தை வெளியே விடவில்லை. ஆனால் ‘அக்கா, தெரியாம அழுத்திட்டேன்’ என்று தானாகப் போன் செய்த மூன்று பேருக்கு எல்லார் முன்னாலும் பெரிய சாக்லேட் கொடுத்தாள். சாக்லேட்டுக்கு எத்தனை பலம் என்பது அடுத்த ஒத்திகையில் தெரிந்தது. போன்கள் பதினாறு.

இப்படி ஏழெட்டு வருடம் போனது. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இதுதான் தொல்லை. ஒன்றும் நடக்காதபோது, இவள் எதற்கு என்று கேட்பார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி பதினாறு நிமிடம். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த கூட்டம் ஓய்ந்து, பதினோரு மணி முடிவுகளுக்காக இன்னொரு கூட்டம் சேரும் நேரம். பூட்டக்காவின் செல்போன் அடித்தது. மூன்றாம் கவுண்டரில் இருக்கும் பெண்; வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை.

“அக்கா... நான் ஒண்ணு பண்ணிட்டேன்க்கா.”

“என்ன பண்ணே? நிதானமா சொல்லு.”

“நமக்கு எப்பவும் கேஸ் அனுப்புவாங்களே, அந்தக் கிளினிக்குல இருந்து ஒரு மெயில். ரிப்போர்ட் தப்பா இருக்கு, பாருங்கன்னு. திறந்தேன். அனுமதி குடுக்கணும்னு கேட்டுச்சு. குடுத்துட்டேன். ஸ்கிரீன் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எனக்கு என்னவோ சரியாப் படலை.”

“எத்தனை நிமிஷம் ஆச்சு?”

“நாலு இருக்கும்.”

“நல்ல வேலை பண்ணே. இப்போ பின்னாடி நீல வயர் இருக்கு பாரு, அதை உருவு. கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணாதே. அப்படியே கையைக் கட்டிட்டு உக்காரு. வந்துட்டே இருக்கேன்.”

ஆனால் அவள் கீழே போகவில்லை. போகவேண்டிய அவசியத்தை அவளுடைய திரையே இல்லாமல் ஆக்கியது. மூன்றாம் கவுண்டர் கம்ப்யூட்டர், வயரை உருவுவதற்குள் இன்னும் பதினோரு கம்ப்யூட்டர்களின் கதவைத் தட்டிப் பார்த்திருந்தது. சில கதவுகள் திறந்துவிட்டன. அலுவலகப் பகுதியின் கோப்புகளின் பெயர்கள் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக வாயில் நுழையாத எழுத்துகளாக மாறிக்கொண்டிருந்தன.

உடனே சுருக்கம் சாரைக் கூப்பிட்டாள்.

“சார், வெளியாள் உள்ளே வந்துட்டான். ஃபைலையெல்லாம் பூட்டிட்டு இருக்கான். மொத்தக் கட்டடத்தையும் இப்போ துண்டிக்கணும்.”

“மொத்தக் கட்டடமா? பதினோரு மணி ரிசல்ட் போகணும்மா! பன்னெண்டு வரைக்கும் பொறுங்க, டாக்டர்கிட்ட கலந்துட்டு...”

பன்னிரண்டு மணிக்குக் கலந்து பேச இங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. அவள் போனை மேசைமேல் வைத்தாள். அவர் குரல் அதிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. குளிர் அறைக் கதவைத் திறந்தாள். எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். ஆறு வயர்கள். ஒன்று, இரண்டு என்று உருவினாள். சிமிட்டிக்கொண்டிருந்த பச்சை விளக்குகள் வரிசையாக அணைந்தன. மணி பத்து இருபத்தொன்று. கட்டடம் முழுக்க ‘என்னாச்சு, என்னாச்சு’ என்று சத்தம் கிளம்பியது.

திரும்பி வந்து போனை எடுத்தாள். “துண்டிச்சுட்டேன் சார். தப்புன்னா என்மேலதான்.”



அடுத்த அரை மணி நேரத்தில்தான் அந்த ஒன்றாங்கிளாஸ் எழுத்து கைகொடுத்தது. கார்பன் சீட்டுக் கட்டுகள் ஒவ்வொரு மேசைக்கும் வந்தன. சோதனை இயந்திரங்கள் தனி நெட்வொர்க்கில் இருந்ததால் ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவை பாட்டுக்கு முடிவுகளைத் தங்கள் திரையில் காட்டிக்கொண்டிருந்தன. டெக்னீஷியன்கள் அதைப் பார்த்துக் கையால் எழுதினார்கள். ஒருவர் எழுதினால் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த நான்கு நோயாளிகளின் முடிவுகளைப் பெரிய டாக்டரே போனில் அந்தந்த மருத்துவரிடம் வாசித்து, அவர்களைத் திருப்பிச் சொல்ல வைத்தார். பதினோரு மணிக் கூட்டத்துக்குப் பதினொன்றே முக்காலுக்கு முடிவுகள் கிடைத்தன. முணுமுணுத்தார்கள், வாங்கிக்கொண்டு போனார்கள்.

கட்டடத்தில் மொத்தம் எழுபத்தெட்டுக் கம்ப்யூட்டர்கள். பூட்டப்பட்டவை ஒன்பது. ஒன்பதின் திரையிலும் ஒரே அறிவிப்பு: பணம் கொடுத்தால் சாவி தருவோம், கொடுக்காவிட்டால் உங்கள் நோயாளிகளின் எல்லாத் தகவலையும் ஊருக்குத் திறந்து காட்டுவோம், எல்லாம் எங்கள் கையில் இருக்கிறது.

சுருக்கம் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “எல்லாமும் போயிடுச்சா? நம்ம ஆளுங்க... எல்லார் ரிசல்ட்டுமா?”

“அவன் சொல்றதை நம்ப வேண்டாம் சார். நம்ம பெட்டி என்ன சொல்லுதுன்னு பார்க்கலாம்.”

அன்று மதியம் முழுக்க அவள் அந்தக் கறுப்புப் பெட்டியின் பதிவுகளை வரிவரியாகப் படித்தாள். கட்டடத்தை விட்டு வெளியே போகும் ஒவ்வொரு துணுக்கையும் அது குறித்து வைத்திருந்தது. மூன்றாம் கவுண்டரிலிருந்து அந்தக் கயவர்களுக்குப் போனது ஒரே ஒரு சின்ன மூட்டை. அது அந்தக் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையில் இருந்த ஒரு கோப்புறை. பணிமுறை அட்டவணை, இரண்டு காலிப் படிவம், அன்றைக்கு வர வேண்டியவர்களின் பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய பெயரும் போன் எண்ணும். முடிவுகள் இருந்த கம்ப்யூட்டரை அவர்கள் தட்டியிருந்தார்கள், அது திறக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரின் அறையில் அதைச் சொன்னபோது சுருக்கம் சார் பெருமூச்சு விட்டார். “அப்பாடா! வெறும் பேரும் நம்பரும்தானே? இதை யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்லை.”

“சொல்லணும் சார். இருநூத்திப் பன்னெண்டு பேருக்கும் நாமளே போன் பண்ணிச் சொல்லணும்.”

“நாமளே போய் நம்ம தலையில மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?”

“அவங்க நம்பரை வச்சு நாளைக்கு எவனாவது ‘லேப்ல இருந்து பேசறோம்’னு கூப்பிட்டு ஏமாத்துவான். அவன் கூப்பிடறதுக்கு முன்னாடி நாம கூப்பிடணும். அது அவங்களோட தகவல் சார், நம்மளோடது இல்லை.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றவில்லை, துடைக்கவில்லை. “நான் முப்பது பேரைக் கூப்பிடறேன். லிஸ்டைப் பிரிங்க” என்றார். போலீசில் புகார் எழுதவும் அவரே ஆளனுப்பினார்.

புதன்கிழமை காலையில் ஏழு பேர் உட்கார்ந்து போன் செய்தார்கள். மூன்றாம் கவுண்டர் பெண்ணும் கேட்டு வாங்கி இருபது பேரைக் கூப்பிட்டாள். ஒருவர், “என் நம்பர்தானே? அது எங்க தெருவுல எல்லார்கிட்டயும் இருக்கு, கவலைப்படாதீங்க” என்று அவர்களுக்கே ஆறுதல் சொன்னார். இன்னொருவர் கால்மணி நேரம் கத்தித் தீர்த்தார். பூட்டக்கா குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒரு பெண் மட்டும் மிக மெதுவாக, “நான் என்ன டெஸ்ட் எடுத்தேன்னு... அது போகலையே?” என்றாள்.

“போகலைம்மா. அது பத்திரமா இருக்கு. நானே பார்த்தேன்.”

“எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, மேடம்.”

“தெரியாது. எங்ககிட்ட இருந்து தெரியவும் தெரியாது.”

மறுமுனையில் அந்தப் பெண் அழுவது கேட்டது. பூட்டக்கா போனை வைக்காமல் அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

புதனும் வியாழனும் தலைக்கு மேல் வேலை. இரண்டு சாவியும் சேர்ந்து இரும்பு அலமாரி திறந்தது. ஞாயிற்றுக்கிழமை வட்டைத் தனி மேசையில் வைத்து, முதலில் அதற்குள் நோய் இருக்கிறதா என்று பார்த்தாள், இல்லை. திங்களும் செவ்வாயும் இயந்திரங்களின் நினைவில் இருந்தன, அங்கிருந்து எடுத்தாள். துண்டித்த பிறகு வந்தவற்றைக் கார்பன் சீட்டுகளிலிருந்து நான்கு பேர் மறுபடி தட்டினார்கள். ஒன்பது கம்ப்யூட்டர்களையும் அடியோடு அழித்து மறுபடி நிறுவினாள். மற்ற அறுபத்தொன்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாள். கணவர் இரண்டு நாளும் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே சாப்பாட்டோடு வந்து, அவள் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போனார். “ஜெயிக்கிறியா?” என்று மட்டும் கேட்டார். “தெரியலைங்க” என்றாள் வாய் நிறையச் சோற்றோடு.

வியாழன் மாலை நான்கு மணிக்கு டாக்டர் கூட்டம் போட்டார். பூட்டக்கா, சுருக்கம் சார், பிரிவுத் தலைவர்கள் நான்கு பேர். மூன்றாம் கவுண்டர் பெண்ணை வெளியே உட்காரச் சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியே அவள் தெரிந்தாள், கைக்குட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சுருக்கம் சார் இந்த முறை சுருக்கமாகவே சொன்னார். “கவனக்குறைவு. மூணு மாசம்தான் ஆச்சு, அனுப்பிடலாம். ஒரு ஆளை எடுத்தாத்தான் மத்தவங்களுக்குப் பயம் இருக்கும்.”

“பயம் இருந்தா போன் வராது சார்” என்றாள் பூட்டக்கா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“அவ அழுத்தினதால கெட்டுப்போனது ஒன்பது கம்ப்யூட்டர். அவ போன் பண்ணதால தப்பிச்சது அறுபத்தொன்பது. இந்த வேலையில நான் எத்தனை பூட்டுப் போட்டாலும் ஒருநாள் யாராவது ஒருத்தர் திறந்துதான் விடுவாங்க. அன்னைக்கு அவங்க நாலு நிமிஷத்துல சொல்வாங்களா, ரெண்டு நாள் கழிச்சுச் சொல்வாங்களா, அவ்வளவுதான் கேள்வி.” நிறுத்தினாள். பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அந்தக் கூடத்தில் டாக்டர் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்ததைச் சொன்னாள். “நான் ரெண்டு நாள் சொல்லவே இல்லை சார். எட்டு நாள் ரிசல்ட் அழிஞ்சுதே, அது நான் அழுத்தினது. வேலை போயிடும்னு பயந்து வாயை மூடிட்டிருந்தேன். ஒரு நல்ல மனுஷனோட பிழைப்பு போச்சு. என்னை அன்னைக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பலை.”

யாரும் யாரையும் பார்க்கவில்லை. சுருக்கம் சார் மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராவது நொடியில் அழுத்தியது யார் என்று அந்த அறையில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை சண்டை போட்டும் அவள் அதை எடுத்ததில்லை. இப்போதும் எடுக்கவில்லை.

அவர் தொண்டையைச் செருமினார். “முதல் ஒத்திகையில... நானும்தான் அழுத்தினேன்” என்றார். “லீவு கேன்சல்னு நினைச்சுட்டேன்.”

முதலில் சிரித்தது டாக்டர். அவர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்புறம் அறையே சிரித்தது. வெளியே உட்கார்ந்திருந்த பெண், தன்னைத்தான் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து இன்னும் குறுகிப்போனாள். பூட்டக்கா எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

“உள்ளே வா. வேலை போகலை. கண்ணைத் துடை. டாக்டர் உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம்.”

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னார். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “இல்ல டாக்டர், நான்தான டாக்டர்...” என்று ஏதோ உளறினாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடி இணைத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் ஒருவர் போனோடு நின்றார். பூட்டக்கா குளிர் அறையில் முதல் வயரைச் செருகினாள். ஒரு பச்சை விளக்கு எட்டிப் பார்த்தது.

“தரைத்தளம்?”

“வந்துடுச்சுக்கா!”

“முதல் மாடி?”

“ஓடுது, ஓடுது!”

ஆறாவது வயர் போய்ச் சேர்ந்தபோது படிக்கட்டு முழுக்க ஆட்கள். யார் ஆரம்பித்தது என்று தெரியாமல் கைதட்டல் கிளம்பி மாடி மாடியாக ஏறியது. டீ கொண்டு வருகிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தட்டினார். சுருக்கம் சார் ஒவ்வொரு மாடியாக ஓடி, “ஒரு ரிசல்ட்கூடப் போகலையாம்! ஒருத்தரைக்கூட மறுபடி ரத்தம் குடுக்கக் கூப்பிட வேண்டாமாம்!” என்று நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். அந்தச் செய்தியை இரண்டு வார்த்தையில் சொல்லியிருக்கலாம் என்று அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை.

காசு கேட்டவர்களுக்குச் செல்லாக் காசுகூடப் போகவில்லை. அந்தப் பெயர்களையும் எண்களையும் அவர்கள் எங்கோ கொட்டினார்கள். கூடத்தின் பெயரைச் சொல்லி எட்டுப் பேருக்குப் பொய்ப் போன் வந்தது. எட்டுப் பேரும், “அவங்களே ஏற்கெனவே சொல்லிட்டாங்கப்பா, வை போனை” என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கே போன் செய்து தெரிவித்தார்கள். அதில் ஒருவர், புதனன்று கால்மணி நேரம் கத்தியவர். இந்த முறை அவர் குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

மூன்றாம் கவுண்டர் பெண் அடுத்த மாதமே பூட்டக்காவின் அறைக்கு மாறினாள். அவளாகக் கேட்டுத்தான் மாறினாள். மற்ற பரிசோதனைக் கூடங்களிலிருந்து ஆட்கள் வந்து, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கும்போது, பூட்டக்கா தான் பேசாமல் அவளைத்தான் முன்னால் தள்ளுகிறாள். அந்தப் பெண்ணும் இப்போது தடுமாறுவதில்லை. எழுந்து நின்று, நன்றாகக் கேட்கும்படியாகச் சொல்கிறாள்:

“அந்த மெயிலைத் திறந்தது நான்தாங்க. உக்காருங்க, முதல்ல இருந்து சொல்றேன்.”